கொம்ப்ரெஷன் லைப்ரரி பில்ட் ஆகல்லயா, டெஸ்ட் சிவப்பாகுதா: அறிகுறிய வச்சுத் திருத்துற வழி

கல்லடியில வீட்டு மேசையில இருந்துதான் ஒரு ஓப்பன் சோர்ஸ் கொம்ப்ரெஷன் லைப்ரரிட பில்ட் ஸ்கிரிப்டையும் ரிக்ரெஷன் டெஸ்டையும் (புது மாற்றத்தால பழசு கெட்டுப் போச்சா எண்டு பார்க்கிற டெஸ்ட்) நான் பார்த்துட்டு வாறன். டிஃப்ளேட், ஜிஸிப் எண்ட முறைகள்ல டேட்டாவ சுருக்குறதும் விரிக்கிறதும்தான் அதுட வேல. வந்தாறுமூலை, ஒலுவில் கெம்பஸ் பிள்ளைகள் புதுசா பேட்ச் அனுப்ப வரக்குள்ள கேக்கிற கேள்வி பெரும்பாலும் அதே ஏழெட்டுத்தான், போன்ல ஒவ்வொருத்தருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடமாப் போச்சு, அதான் ஒரு இடத்தில எழுதி வைக்கிறன். உங்களுக்கு என்ன எரர் வருதோ அந்தத் தலைப்புக்கு நேரப் போங்க. ஒவ்வொண்டுலயும் காசு போகாத வேல முதல்ல, காசு போற வேல கடைசியில.

## எதுக்கும் முதல்

லொக்க ஒரு பைலுக்குள்ள எடுத்து வைங்க. ஸ்கிரீன்ல ஓடுறதுல கடைசி வரிய மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினா ஒண்டும் விளங்காது, முதல் எரர் எங்கயோ மேல கிடக்கும், கீழ வாறதெல்லாம் அதுட பிள்ளைகள்.

மற்றது, டெஸ்ட் சிவப்பு எண்டா எதிர்பார்ப்பு பைல, அதாவது வர வேண்டிய சரியான அவுட்புட் இருக்கிற பைல, தொடாதீங்க. புது அவுட்புட்ட எடுத்து பழசுக்கு மேல கொப்பி பண்ணினா ரெண்டு நிமிஷத்தில பச்சையாகும், ஆனா அந்த டெஸ்ட் அண்டையோட செத்துப் போச்சு. நம்மட கோட் பிழையா, இல்லாட்டி கோட்டுக்கு வாற முதலே பைட்டுகள் மாறிட்டா, இது தெரியாம கை வைக்கவே கூடாது.

## கொன்பிகர் ஸ்கிரிப்ட் தொடங்கவே இல்ல

"பெர்மிஷன் டினைட்" வந்தா: போல்டர் எப்படி வந்த எண்டு பாருங்க, கிட் குளோனா பென்டிரைவா? பென்டிரைவ் கூடுதலா ஃபெட் 32 இல்லாட்டி எக்ஸ்ஃபெட்டாத்தான் இருக்கும், அதுல 'இது ஓடக்கூடிய பைல்' எண்ட அடையாளத்த வைக்க இடமே இல்ல. போல்டர ஹார்ட் டிஸ்க்குக்கு கொப்பி பண்ணிட்டு, ஓடுற அனுமதி குடுக்கிற சிஎச்மொட் போட்டாக் காணும். பென்டிரைவுக்குள்ள வச்சுட்டே சிஎச்மொட் போட்டா தலைகீழா நிண்டாலும் சரி வராது.

"பேட் இன்டர்பிரிட்டர்", பக்கத்தில தொப்பிக் குறியும் எம் எழுத்தும்: விண்டோஸ் லப்டொப்ல குளோன் பண்ணி மறுகா லினக்ஸுக்கு கொண்டு போயிருக்கிறீங்க, வரி முடிவெல்லாம் விண்டோஸ் முறைக்கு மாறிட்டு. டொஸ்டுயூனிக்ஸ் போட்டு இப்போதைக்குத் திருத்தலாம். நிரந்தரமாத் திருத்த கிட் அட்ரிபியூட்ஸ் பைல்ல ஸ்கிரிப்ட் பைல்களுக்கு வரி முடிவு எல்எஃப் எண்டு எழுதி கொமிட் பண்ணுங்க, இல்லாட்டி அடுத்த ஆளுக்கும் இதே கதைதான்.

"ஏசிலோக்கல் 1.15 இல்ல" எண்டு அழுதா: ஏசிலோக்கல் ஓட்டோமேக் எண்ட கருவியோட வாறது, அதுக்காக அந்தப் பழைய ஓட்டோமேக்க தேடி அலையாதீங்க. கிட் பைல்கள்ட திகதி நேரத்த சேமிக்கிறதில்ல, எல்லாத்துக்கும் செக்அவுட் பண்ணின நேரம்தான் விழும், அதால சில வேள மூல பைல் அதுல இருந்து உருவான பைல விடப் புதுசு மாதிரித் தெரியும், உடன பில்ட்ட நடத்துற மேக் எல்லாத்தையும் திரும்ப உருவாக்க வெளிக்கிடும். ஓட்டோரீகொன்ஃப எஃப், ஐ ரெண்டு ஒப்ஷனோட ஓட்டுங்க, போதும்.

சிமேக் "3.5க்குக் கீழ உள்ளதோட ஒத்துப் போகாது" எண்டா: 2025 மார்ச்ல வந்த சிமேக் 4.0, 3.5க்கு முந்தின வேர்ஷன்களுக்கான ஒத்திசைவத் தூக்கிட்டு. 'குறைஞ்சது 2.8 வேணும்' எண்டு மேல எழுதி வச்ச பழைய ப்ரொஜெக்ட் எல்லாம் இதுலதான் விழும். நம்மட பைல் எண்டா அந்த நம்பர உயர்த்துங்க. வேற ஆக்கள்ட லைப்ரரி எண்டா சிமேக் பொலிசி வேர்ஷன் மினிமம் எண்ட வேரியபிளுக்கு 3.5 குடுத்து ஓட்டலாம்.

வேர்ஷன் நம்பர் வெறுமையா வருது: இது நம்மட பக்கம் அடிக்கடி. டேட்டா மிச்சம் பிடிக்க ஆக்கள் டெப்த் 1 போட்டு, கடைசிக் கொமிட்ட மட்டும் குளோன் எடுப்பாங்க, அதுல பிழை சொல்ல ஏலாது, ரீலோட் காசு ஆருக்கும் சும்மா வாறதில்ல. ஆனா ஸ்கிரிப்ட் கிட் டிஸ்க்ரைப்ட வாய்லதான் வேர்ஷன எடுக்குது, வெளியீட்டுக்குக் குத்துற டேக் இல்லாட்டி அதுக்குச் சொல்ல ஒண்டுமில்ல. ஃபெட்ச்ச அன்ஷலோ ஒப்ஷனோட ஒருக்கா ஓட்டுங்க. பின்னால பைசெக்ட் பண்ணவும், அதாவது எந்தக் கொமிட்ல கெட்டுது எண்டு பாதி பாதியாத் தேடவும், முழு வரலாறு வேணும்.

போல்டர் பேருல இடைவெளி இருந்தா, அதுதான் 'நியூ போல்டர்' எண்டு விண்டோஸ் வைக்கிற பேரு, மேற்கோள் குறி போடாத ஷெல் ஸ்கிரிப்ட் ரெண்டாப் பிளந்து வாசிக்கும். போல்டர் பேர மாத்திப் பாருங்க, ஓடினா ஸ்கிரிப்ட்லதான் பிழை, மேற்கோள் போட்டு பேட்ச் அனுப்புங்க, சந்தோஷமா எடுப்பன்.

## "கிளோக் ஸ்கியூ" எண்டு எச்சரிக்கை, ஒவ்வொரு தடவையும் முழுசா பில்ட் ஆகுது

கொம்பியூட்டர்ட நேரத்தப் பாருங்க. சிரிக்காதீங்க, இதுல ரெண்டு முழு நாள் நான் போக்கினான். களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு தம்பிட பழைய டெஸ்க்டொப், கரண்ட் போய் வந்தா திகதி பல வருஷம் பின்னால போயிடும். பைல்கள் எல்லாம் 'எதிர்காலத்தில' எழுதின மாதிரி மேக்குக்குத் தெரியும், எதப் புதுசாக் கட்டுறது எதப் பழசா விடுறது எண்டு அதுக்கு முடிவெடுக்க ஏலாது. அதோட கிட் குளோன் சேர்ட்டிபிகேட் இன்னும் செல்லாது எண்டு நிக்கும், அந்தத் தம்பி இன்டர்நெட் கொம்பனிக்கு கோல் எடுத்து சண்டையும் பிடிச்சிட்டார்.

முதல்ல நேரத்தச் சரி பண்ணுங்க, இன்டர்நெட்ல இருந்து நேரம் எடுக்கிற என்டிபிய ஓன் பண்ணி வைங்க. பிறகு மூலப் பைல்களுக்கு டச் போட்டு, பில்ட் போல்டர அழிச்சிட்டு புதுசாக் கட்டுங்க. கரண்ட் போனா திரும்பவும் நேரம் மாறுது எண்டா மதர்போர்ட்ல உள்ள காசு மாதிரி வட்ட பெட்டரி முடிஞ்சு, சிஆர் 2032 எண்டு கடையில கேளுங்க, பெரிய விலையில்ல. புது பெட்டரி போட்டும் நேரம் நிக்கல்ல எண்டா அது போர்ட் பிரச்சின, அதோட கடைக்காரர்ட்ட குடுங்க, நீங்க நோண்ட வேணாம்.

## கொம்பைல் பாதியில "கில்ட்" எண்டு செத்துப் போகுது

மேக்குக்கு ஜே மட்டும் போட்டு நம்பர் குடுக்காம விட்டீங்களா? அப்படிப் போட்டா எல்லையே இல்லாம ஒரே நேரத்தில கொம்பைலர்களத் திறக்கும், 4 ஜிபி ரேம் உள்ள லப்டொப் தாங்காது, கெர்னல் எதையாவது கொல்லும். கெர்னல்ட லொக்கக் காட்டுற டிமெசேஜ்ல 'அவுட் ஒஃப் மெமரி' எண்டு இருக்கும், பாருங்க. ஜேக்குப் பக்கத்தில 2 போடுங்க. ஃபஸ் டெஸ்ட் (கண்டபடி டேட்டா குடுத்துப் பார்க்கிறது), சேனிடைசர் பில்ட் (ஓடக்குள்ள நினைவகப் பிழையப் பிடிக்கிறது) எண்டா 1 தான். அதுவும் காணாட்டி, ரேமுக்குப் பதிலா டிஸ்க்கப் பாவிக்கிற ஸ்வொப் பைல் ஒண்டு உண்டாக்குங்க. ரேம் வாங்குறது கடைசி.

'கில்ட்' இல்லாம 'இன்டேர்னல் கொம்பைலர் எரர், செக்மென்டேஷன் ஃபோல்ட்' எண்டு வந்து, திரும்ப ஓட்டினா வேற பைல்ல வந்தா, கீழ 'சில நேரம் பாஸ்' எண்ட தலைப்புக்குப் போங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே வரியில வந்தாத்தான் அது கொம்பைலர்ட பிழை.

## லிங்க் ஆகல்ல

'இன்ஃப்ளேட் எண்ட பேரத் தெரியாது' எண்டா லைப்ரரிப் பேர கொமான்ட்ல முன்னுக்கு எழுதியிருப்பீங்க, ஒப்ஜெக்ட் பைலுக்குப் பின்னுக்குப் போடுங்க. லிங்க் ஆகி, ஓட்டக்குள்ள 'ஸெட்லிப் 1.2.9 வேர்ஷன் கிடைக்கல்ல' எண்டா (ஸெட்லிப் எண்டா டிஃப்ளேட் செய்யுற பொது லைப்ரரி) பில்ட் பண்ணினது ஒரு லைப்ரரியோட, ஓடுறது வேற பழைய ஒண்டோட. எல்டிடி போட்டுப் பாருங்க, எந்தப் பாதையில இருந்து எடுக்குது எண்டு காட்டும். முந்தி ஒருக்கா எல்டி லைப்ரரி பாத் எண்ட வேரியபிள பேஷ்ஆர்சிக்குள்ள எழுதிட்டு மறந்திருப்பீங்க, அத அழிச்சாச் சரி.

## டெஸ்ட் சிவப்பு, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில

இதுதான் பெரிய பகுதி, ஆறுதலா வாசிங்க. சிமேக்கோட வாற சிடெஸ்ட்ட அவுட்புட் ஒன் ஃபெயிலியர் ஒப்ஷனோட ஓட்டி எந்த டெஸ்ட் எண்டு எடுங்க. பிறகு கீழ உள்ள ஒழுங்குல.

பைல் உண்மையிலயே பைல்தானா? டெஸ்ட் போல்டர்ல உள்ள ஜிஸிப் பைல ஹெக்ஸ்ல திறந்தா முதல் ரெண்டு பைட் 1எஃப் 8பி ஆக இருக்கணும். அதுக்குப் பதிலா நூத்திச் சொச்சம் பைட்ல 'வேர்ஷன்' எண்டு தொடங்குற எழுத்து இருந்தா அது பெரிய பைல்கள வேற இடத்தில வைக்கிற கிட் எல்எஃப்எஸ்ட அடையாளச் சீட்டு மட்டும்தான், உண்மையான பைல் இன்னும் இறங்கல்ல, எல்எஃப்எஸ் புல் ஒண்டு போடுங்க. 1எஃப் 8பி இருந்தும் 'எதிர்பாராத முடிவு' எண்டா டவுன்லோட் பாதியில நிண்டிருக்கு. ஜிஸிப்ட டி ஒப்ஷனோட சோதிச்சு, பைலுக்குக் கைரேகை மாதிரி உள்ள எஸ்எச்ஏ 256 கூட்டையும் ஒத்துப் பாருங்க.

வரி முடிவு. மேல ஸ்கிரிப்டக் கெடுத்த அதே சங்கதி இங்க டேட்டாவக் கெடுக்கும். சுருக்குற டெஸ்டுக்குப் பாவிக்கிற பைல் தொகுப்பான கேன்டபரி கோர்பஸ்ல உள்ள அலிஸ் 29 டெக்ஸ்ட் பைல் 152089 பைட். உங்கட போல்டர்ல அதுட அளவு வேறயா இருந்தா கிட் வரி முடிவ மாத்தியிருக்கு, வித்தியாசத்தக் கழிச்சுப் பாருங்க, வரி எண்ணிக்கைக்குச் சமனா வரும். இன்புட்டே வேற எண்டா சிஆர்சி எண்ட சரிபார்ப்பு எண் எப்படி ஒத்துப் போகும்? டெஸ்ட் டேட்டா போல்டர் முழுக்க பைனரி எண்டு கிட் அட்ரிபியூட்ஸ்ல எழுதுங்க, டெக்ஸ்ட் பைலா இருந்தாலும் பைனரி எண்டே எழுதுங்க, நமக்கு அது எழுத்தில்ல, பைட். பிறகு அந்தப் போல்டர அழிச்சு திரும்ப செக்அவுட்.

ஜிஸிப் தலைப்பு. பழைய அவுட்புட்டையும் புதுசையும் சிஎம்பிக்கு எல் ஒப்ஷன் குடுத்து ஒப்பிடுங்க. வித்தியாசம் 5 தொடக்கம் 8 ஆம் பைட்ல மட்டும் எண்டா அது நேர முத்திர, ஒண்டும் கெடல்ல. 10 ஆம் பைட் எண்டா அது ஒப்பரேட்டிங் சிஸ்டம் அடையாளம், யுனிக்ஸ் எண்டா 3. 11க்குப் பிறகு தொடங்கினா மூலப் பைல்ட பேரு உள்ள போயிருக்கலாம். ஜிஸிப்ட என் ஒப்ஷன் பேரையும் நேரத்தையும் விட்டுடும். டெஸ்ட் எழுதக்குள்ள இத மறக்காதீங்க, ரெண்டு பேர் ஒரே பைல சுருக்கி 'உன்ட வேற என்ட வேற' எண்டு சண்டை பிடிக்கிறது இதாலதான்.

வேற ஸெட்லிப். தலைப்புத் தாண்டி உள்ளயும் வேறயா? சிஸ்டத்தில இருக்கிறது எந்த ஸெட்லிப் எண்டு பாருங்க. டிஃப்ளேட்ட விதிப் புத்தகம், அதான் 1996ல வந்த ஆர்எஃப்சி 1951, விரிக்கிறது எப்படி எண்டுதான் கட்டுப்படுத்துது, சுருக்குறவர் எந்தப் பொருத்தத்த எடுக்கணும் எண்டு கட்டாயம் பண்ணல்ல. அதால ஒரே இன்புட், ஒரே லெவல் 6, ஸெட்லிப்ல ஒரு அவுட்புட், அதுல இருந்து பிரிஞ்ச ஸெட்லிப் என்ஜில வேற அவுட்புட், ரெண்டும் சரி. ஃபெடோரா லினக்ஸ் 2024ல வந்த 40 ஆம் பதிப்புல ஸெட்லிப் என்ஜிக்கு மாறினது, அந்த நேரம் சுருக்கின பைட்டுகள அப்படியே ஒப்பிட்ட டெஸ்டுகள் உடைஞ்சுதான் போச்சு.

இங்கதான் எதிர்பார்ப்பு பைல மாத்த ஆச வரும். மாத்தாதீங்க, டெஸ்ட்ட மாத்துங்க. சுருக்கி, திரும்ப விரிச்சு, மூலத்தோட ஒண்டா எண்டு பாருங்க. சுருங்கின அளவு ஒரு எல்லையத் தாண்டல்லயா எண்டு பாருங்க. எதிர்பார்ப்பு பைல் வேண்டியது விரிக்கிற பக்கத்துக்கு மட்டும்தான்: பழைய காலத்து பைல் ஒண்டு இண்டைக்கும் அதே மாதிரி விரியுதா? அந்தப் பைல் மட்டும் எண்டைக்கும் மாறக் கூடாது, ஆர்ட்டயோ பேக்கப் அப்படித்தான் எங்கயோ ஒரு டிஸ்க்ல கிடக்கு.

எல்லாம் சரி, இன்னும் சிவப்பு. அப்ப நம்மட கோட்தான். கிட் பைசெக்ட் ரன் போட்டு டெஸ்ட்ட குடுங்க, 1000 கொமிட் இருந்தாலும் பத்துத் தடவைக்குள்ள பிடிச்சுடும். பில்ட் ஆகாத கொமிட் நடுவுல வந்தா ஸ்கிரிப்ட் 125 எண்டு வெளிய வரணும், அது 'இத விட்டுத் தாண்டு' எண்ட அர்த்தம், 1 குடுத்தா நல்ல கொமிட்ல பழி விழும். பிடிபட்ட கொமிட் உங்கட எண்டா திருத்துங்க. வேற ஆள்ட எண்டா நீங்களே ரிவேர்ட் பண்ணாம கொமிட் நம்பரையும் குறைஞ்ச அளவு இன்புட்டையும் மெயின்டெய்னருக்கு அனுப்புங்க, அதுக்கு மேல அவர்ட வேல.

## சில நேரம் பாஸ், சில நேரம் ஃபெயில்

முதல்ல தனி ஆளா ஓட்டுங்க, ஜே 1. பாஸ் எண்டா ரெண்டு டெஸ்ட் ஒரே டெம்ப் பைலுக்கு எழுதுது, ஒவ்வொண்டுக்கும் தனிப் போல்டர் குடுங்க.

டைம்அவுட்ல ஃபெயில் எண்டா வெளிய பாருங்க. ஆனி, ஆடியில கச்சான் காத்து அடிக்கிற மத்தியானம் லப்டொப் சூட்டுல வேகத்தக் குறைச்சிடும், காலையில பாஸ் ஆன லெவல் 9 டெஸ்ட் ரெண்டு மணிக்கு நேரம் தாண்டிடும். சிடெஸ்ட் தானா வச்சிருக்கிற எல்லை 1500 செக்கன், ஆனா ஆரோ 30 எண்டு குறைச்சு எழுதி வச்சிருப்பாங்க. சென்சர்ஸ் போட்டு சூட்டப் பாருங்க. ஃபேன்ல தூசு தட்டுறது உங்களால ஏலும். சிபியுக்கு மேல பூசுற பேஸ்ட் மாத்திப் பழக்கமில்லாட்டி கடை.

சூடும் இல்ல எண்டா சேனிடைசரோட பில்ட் பண்ணுங்க, அட்ரஸ், அன்டிஃபைன்ட் ரெண்டையும் சேர்த்து. எல்லை தாண்டி வாசிக்கிற கோட் ஒரு நாள் தப்பும் ஒரு நாள் மாட்டும், இதுல பிடிபடும். மறுகா சிடெஸ்ட்ல ரிபீட் அன்டில் ஃபெயில் 50 குடுத்து சாப்பிடப் போங்க. நினைவகப் பிழை தேடுற வல்கிரைண்ட் 'தொடக்க மதிப்பில்லாத நினைவகம்' எண்டு பழைய ஸெட்லிப்ட டிஃப்ளேட்டக் காட்டினா உடன பதறாதீங்க, அது வேகத்துக்காக வேணுமெண்டு செய்தது, அவுட்புட்டப் பாதிக்காது, 1.2.4ல இருந்து அந்த எச்சரிக்கை வராத மாதிரி மாத்திட்டாங்க.

இவ்வளவும் சுத்தம் எண்டா ரேம். ஒரு பெரிய பைல 20 தடவ சுருக்கி ஒவ்வொண்டுட எஸ்எச்ஏ 256 எடுங்க, ஒரே மெஷின், ஒரே புரோகிராம், ஒண்டாவது வேறயா வந்தா ஹார்ட்வெயாரத்தான் சந்தேகப்படணும். கடல்கரை வீடுகள்ல உப்புக் காத்துக்கு ரேம்ட பொன் நிறக் கால்கள்ல பூச்சுப் பிடிக்கும். வயரக் கழட்டி, பெட்டரியையும் கழட்டி, இரும்புல கைய வச்சு உடம்புல உள்ள மின்ன இறக்கிட்டு, ரேம எடுத்து வெள்ளை அழிறப்பரால மெதுவா உரசித் துடைச்சு திரும்பப் போடுங்க. பிறகு இரவைக்கு மெம்டெஸ்ட் 86 பிளஸ் ஓட விடுங்க. ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ரேம்ல இருந்து ஒரு கொமிட்டும் அனுப்பாதீங்க, டெஸ்ட் டேட்டாவ உருவாக்கவும் வேணாம், டெக்னீஷியனக் கூப்பிட்டு மாத்துங்க.

## லப்டொப்ல பாஸ், ராஸ்பெரி பையில ஃபெயில்

கேர் எண்ட சி டைப். இன்டெல், ஏஎம்டி லினக்ஸ்ல அதுக்கு மைனஸ் உண்டு, ராஸ்பெரி பை மாதிரி ஏஆர்எம் லினக்ஸ்ல இல்ல. ஒரு பைட் வாசிக்கிற கெட்சி தாற மதிப்ப கேருக்குள்ள போட்டு, பைல் முடிஞ்சுது எண்ட குறியான ஈஓஎஃப் ஓட ஒப்பிட்டா ஏஆர்எம்ல அந்த லூப் முடியவே முடியாது, டெஸ்ட் தொங்கும். லப்டொப்ல மட்டும் சரியா எண்டா அதுவும் இல்ல, 255 எண்ட பைட் வந்த உடன பைல் முடிஞ்சுது எண்டு நினைச்சு பாதியில நிக்கும். சுருக்கின டேட்டாவுல 255 எங்க வேணுமெண்டாலும் வரும். இன்ட் ஆக்குங்க. பை இல்லாதவங்க லப்டொப்லயே அன்சைன்ட் கேர் ஒப்ஷனோட கொம்பைல் பண்ணி இத வரவைக்கலாம்.

2 ஜிபி தாண்டின பைல்ல மட்டும் எண்டா 32 பிட் சிஸ்டத்தில பைல் ஒஃப்செட் 64 பிட் எண்ட மேக்ரோவ விட்டிருப்பீங்க. விண்டோஸ் 64 பிட்டிலயும் லோங் 32 பிட்தான், அங்கயும் பைல்ல எந்த இடத்தில நிக்கிறம் எண்டு சொல்ற எஃப்டெல் ஏமாத்தும். 4 ஜிபிக்கு மேல ஜிஸிப் கடைசியில எழுதுற அளவு சுத்தி வந்து சின்னதாத் தெரியும், அது ஃபோர்மட்டே அப்படி, பக் எண்டு எழுதி அனுப்பாதீங்க.

## டார்போலும் கிட்டும் ஒண்டா இல்ல, இல்லாட்டி டெஸ்ட் போல்டர்ல ஆருக்கும் தெரியாத பைனரி

டார்போல் எண்டா வெளியீட்டுக்குக் கட்டி வைக்கிற ஒற்றைப் பைல். இதுல மட்டும் நீங்க ஒண்டும் திருத்த வேணாம்.

2024 மார்ச் 29ல எக்ஸ்ஸெட் எண்ட இன்னொரு கொம்ப்ரெஷன் லைப்ரரிட விஷயம் வெளிய வந்தது, பாதுகாப்புக் குறை இலக்கம் சிவிஇ 2024-3094. 5.6.0, 5.6.1 ரெண்டு வெளியீட்டுலயும் கள்ளக் கோட். அத ஒளிச்சு வச்சிருந்த இடம் டெஸ்ட் பைல்கள், கெட்டுப்போன பைல் மாதிரியும் நல்ல பைல் மாதிரியும் பேர் வச்சு. அத எடுத்து ஓட வச்சது பில்ட் ஸ்கிரிப்ட், அதுவும் கிட்ல இல்லாம டார்போல்ல மட்டும் இருந்த, கொன்பிகர் ஸ்கிரிப்ட உருவாக்கப் பாவிக்கிற ஒரு எம்4 பைல். ஆந்த்ரெஸ் ஃப்ரொயிண்ட் எண்டவர் தூர மெஷினுக்குள்ள போற எஸ்எஸ்எச் லொகின் அரைச் செக்கன் கூட எடுக்குது எண்டதையும் வல்கிரைண்ட் எச்சரிக்கையையும் விடாமத் தேடிப் போனதாலதான் பிடிபட்டது. நான் பார்க்கிற ரெண்டு போல்டரும் அதேதான், பில்ட் ஸ்கிரிப்டும் டெஸ்ட் டேட்டாவும், அண்டைக்கு இரவு எனக்கு நித்திர வரல்ல, இருக்கிற ஒவ்வொரு பைனரியையும் திறந்து அது எந்தக் கொமிட்ல ஏன் வந்த எண்டு விடியும் வரைக்கும் எழுதினன்.

சோதிக்கிற வழி: டார்போல விரிச்சு, அதே டேக்க செக்அவுட் பண்ணி, டிஃப் ஆர் போடுங்க. கொன்பிகர், மேக்பைல் டொட் இன் மாதிரி ஓட்டோடூல்ஸ் உருவாக்குற பைல்கள் கூட இருக்கிறது வழமை. நீங்களே ஓட்டோரீகொன்ஃப் ஓட்டி உருவாக்கினதோட அதுகளையும் ஒப்பிடுங்க. டெஸ்ட் பைனரி எண்டா அத உருவாக்கின ஸ்கிரிப்ட் பக்கத்தில இருக்கணும், அந்த ஸ்கிரிப்ட ஓட்டினா அதே பைட் வரணும், கையால கெடுத்த பைல் எண்டா எந்த பைட்ட என்னவா மாத்தின எண்டு கொமிட்ல எழுதியிருக்கணும்.

விளக்கம் கிடைக்காத ஒண்டு மிஞ்சினா அந்த மெஷின்ல திரும்ப பில்ட் பண்ணாதீங்க. பொது இஷ்யூல எழுதாதீங்க, வட்ஸ்அப் குரூப்லயும் போடாதீங்க. ப்ரொஜெக்ட்ட செக்யூரிட்டி பைல்ல தனியா அறிவிக்கிற முகவரி இருக்கும், அதுக்கு டார்போல்ட எஸ்எச்ஏ 256, டேக் பேரு, டிஃப் வித்தியாசம் மூண்டையும் வச்சு அனுப்புங்க. பதில் வரும் வரைக்கும் முந்தின வெளியீட்டோட இருங்க.